இரண்டாம் தட்டுக்கு ஏறவும் தளம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சக்கரக் காலணியில் ஆடும் இன்லைன் ஹாக்கிக்கு, சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு 1996 முதல் 2017 வரை உலகப் போட்டி நடத்தியது. அதில் 'டிவிஷன் 1' என்ற இரண்டாம் தட்டில்தான் ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள் ஆடின. பக்கத்துக்கு நான்கு பேர், ஒரு கோல்கீப்பர். 12 நிமிடமாக நான்கு பகுதி. பனி வேண்டாம், வழவழப்பான தரை போதும். ஏற்காட்டுக் குளிருக்கே ஸ்வெட்டர் தேடும் நமக்கு ஏற்ற ஆட்டம்தான்!

அந்தத் தரைதான் சேலத்தில் சிக்கல். என் மகள் காலை ஐந்தரைக்குப் பழகப் போகும் தளத்தில் சிமெண்ட் பெயர்ந்து, ஓரமெல்லாம் ஜல்லி. போன மாதம் விரிசலில் சக்கரம் மாட்டி முழங்கை பெயர்ந்தது. பேரிங்கில் ஏறும் மணலை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைப்பதே எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. பொறுப்பில் உள்ளவர்களிடம் இரண்டு முறை மனு கொடுத்தாயிற்று. சர்வதேச அரங்கம் எல்லாம் அப்புறம். மழைக்கு முன் தரையை மட்டும் பூசித் தரட்டும். சுற்றிலும் இடுப்பளவு தடுப்பும் வைத்தால், பந்தைத் தேடிச் சாக்கடைக்குள் இறங்க வேண்டியிருக்காது.

– ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்