சாட்சி நேரத்தில் எதற்குக் கைதட்டுகிறோம்? சபைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

குடும்ப ஆலோசனை ஊழியத்தில் இருக்கும் நாங்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். "நான் வாழ்க்கையில் ஜெயித்தேனா" என்று ஒரு விசுவாசி தன்னையே அளந்து பார்க்கும் அளவுகோலில் சபைக்கும் பங்குண்டு. பிரசங்கத்தைவிட, விசுவாசிகள் தாங்கள் பெற்ற நன்மைகளைச் சபைமுன் சொல்லும் சாட்சி நேரமும் ஞாயிறு அறிவிப்புகளும்தான் அதை அதிகமாகத் தீர்மானிக்கின்றன. பிரசங்க பீடத்தில், உலகம் முழுவதையும் ஆதாயப்படுத்தினாலும் ஜீவனை இழந்தால் லாபம் என்ன என்று கேட்கும் மாற்கு 8:36 வாசிக்கப்படுகிறது. அடுத்த கால் மணி நேரத்தில் பதவி உயர்வு, புது வீடு, விசா என்று சாட்சிகள் வரிசையாக வருகின்றன. பின் வரிசைப் பிள்ளைகள் எதை மனதில் வைத்துக்கொள்வார்கள்?

கிடைத்த நன்மைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். சிக்கல், வசனங்களைக் கையாளும் விதத்தில். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" (பிலிப்பியர் 4:13) என்பது இன்று தேர்வுக்கும் நேர்காணலுக்கும் போகிறவர்களின் வசனம். எழுதியபோது பவுல் கட்டுண்டிருந்தார். அதற்கு முந்தின வசனம் பட்டினியையும் குறைவையும் பற்றிப் பேசுகிறது. 3 யோவான் 2 காயுவுக்கு எழுதிய கடிதத்தின் நலம் விசாரிப்பு; அதை வளமைக்கான வாக்குத்தத்தமாகப் படிக்கிறோம். இந்த வாசிப்பில் வளர்ந்தவர் வேலையை இழந்தால், சம்பளத்தோடு விசுவாசத்தையும் இழந்ததாக நினைத்துச் சபைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்.

சாட்சி சொல்ல வருகிறவரிடம் ஒரு வாரம் முன்பே பேசுங்கள். மூன்று நிமிடம் போதும் என்று சொல்லி, "இந்த மாதம் யாரோடு ஒப்புரவானீர்கள், எதை விட்டுக்கொடுத்தீர்கள், இன்னும் பதில் கிடைக்காத ஜெபம் எது" என்று கேளுங்கள். ஒன்றுக்குப் பதில் வந்தாலே நல்ல சாட்சி. இதிலும் ஒரு ஆபத்து உண்டு. மன்னிப்பைப் பற்றிச் சொல்ல வந்தவர், மனைவியின் குறையையோ மகனின் பழக்கத்தையோ ஊரறியச் சொல்லிவிட்டு இறங்குவார். ஒப்புரவு அன்றைக்கே உடைந்துவிடும். ஆகவே, கதையில் வருகிற ஒவ்வொருவரும் முதலில் சம்மதிக்க வேண்டும். "சொல்ல வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது நாள்காட்டி. நாங்கள் அதிகம் வருத்தப்படுவது இதற்குத்தான். கமிட்டி கூட்டங்களைக் குழுவாரியாகப் பார்க்கிறது: பாடகர் குழு ஒத்திகை வாரம் ஒரு நாள், வாலிபர் கூடுகை ஒரு நாள், உபவாச ஜெபம் ஒரு நாள், எதுவும் அதிகமாகத் தெரியாது. வீட்டிலிருந்து பாருங்கள். அப்பா கமிட்டியில், அம்மா பாடகர் குழுவில், மகள் வாலிபர் கூடுகையில், எல்லாரும் வீட்டு ஜெபக்குழுவில் என்றால், வாரத்தில் நான்கு மாலை யாராவது ஒருவர் வெளியே. அலுவலகம் தாமதமாக விடும் ஒரு நாளையும் சேருங்கள். "குடும்பமாகக் கர்த்தரைச் சேவிப்போம்" என்று சுவரில் மாட்டியிருக்கும் வீட்டில் குடும்பம் ஒன்றாக உட்காரும் மாலை இரண்டு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு தாள் போதும். பத்துக் குடும்பங்களைத் தேர்ந்தெடுங்கள். அதில் குறைந்தது இரண்டு ஊழியக்காரர் வீடுகளாக இருக்கட்டும். ஏழு கட்டம் போட்டு, யார் எந்த மாலை எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்று நான்கு வாரங்களுக்கு அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எல்லாரும் வீட்டில் இருக்கும் மாலைகள் வாரத்துக்கு மூன்றுக்குக் கீழே போனால் கூட்டங்களைச் சேர்க்க வேண்டும்: பெற்றோர் ஜெபமும் பிள்ளைகள் வகுப்பும் ஒரே மாலையில், ஒரே நேரத்தில். ஒரு கூட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'சிறப்புக் கூட்டம்' வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. காலியான மாலையை நாள்காட்டியிலேயே "வீட்டு மாலை" என்று அச்சிட்டுவிட்டால் யாரும் சுலபமாகக் கை வைக்க மாட்டார்கள்.

இதற்கு வேத ஆதாரம் கேட்பவர்கள் யாத்திராகமம் 18-ஐ முதலிலிருந்து வாசிக்கட்டும். ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் தலைவர்களை வைக்கச் சொன்ன, மோசேயின் மாமனார் எத்திரோவின் ஆலோசனையை எல்லாரும் பிரசங்கிக்கிறோம். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் அவர் மோசேயிடம் அழைத்து வருவது மோசேயின் மனைவி சிப்போராளையும் இரண்டு மகன்களையும். உபாகமம் 24:5 இன்னும் நேரடியாகப் பேசுகிறது: புதிதாய்த் திருமணம் செய்தவனுக்கு ஒரு வருஷம் போர்க் கடமையே கிடையாது. நாமோ தேனிலவு முடிந்து வந்த வாரமே அவரை வாலிபர் கூடுகைச் செயலாளராக்குகிறோம்.

குடும்ப ஜெபம் செய்யுங்கள் என்று சொல்லியனுப்புகிறோம், எப்படி என்று சொல்வதில்லை. பெரும்பாலும் அது ஒரு மாதம் தாண்டாது. நீளம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஜெபமே பிள்ளையைக் கண்டிக்கும் பேச்சாக மாறுவது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் படிக்கிற புத்தியைத் தாரும், போனை விட்டுவிடப் பண்ணும்" என்று அப்பா கண்மூடிச் சொல்லும்போது, அந்தப் பிள்ளை கண் திறந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஜெபத்தில் யாரையும் திருத்தக்கூடாது என்பதே முதல் விதியாக இருக்கட்டும். மொத்தம் 12 நிமிடம். ஒரு பாட்டு, பத்து வசனம், ஒரு கேள்வி, பிறகு ஆளுக்கு ஒரு வரி ஜெபம். மாற்குவில் தொடங்கலாம், 16 அதிகாரம்தான், நாளுக்குப் பத்து வசனமென்றால் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இருபது வசனம் வாசிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போனால் போதும். அப்பா இல்லாத நாளில் வேறொருவர் நடத்தட்டும்.

பதவி உயர்வுக்கோ வெளியூர் மாற்றத்துக்கோ ஜெபிக்க ஒருவர் வந்தால், கையை வைக்குமுன் ஒரு தாளைக் கொடுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டை விட்டுப் போகும், அந்த நேரத்தில் பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் யார் பார்ப்பார்கள், போகவில்லை என்றால் எந்தக் கடன் அடையாது, ஆறு மாதம் கழித்துச் சரிவரவில்லை என்றால் எப்படித் திரும்புவது. கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். விடைகள் வேறுபடும் இடத்தில்தான் உங்கள் ஆலோசனை தேவைப்படும். கதவு தானாகத் திறந்ததால் தேவசித்தம் என்று முடிவு கட்ட வேண்டாம். தேவன் சொன்ன இடத்துக்குப் போகாமல் ஓடிய யோனாவுக்கும் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் சரியான நேரத்தில் கிடைத்தது. அதே சமயம், குடும்பத்தோடு இருக்கிறேன் என்று சொல்லி வேலை தேடாமல் இருப்பவருக்கு, தன் வீட்டாரை விசாரியாதவனைக் கண்டிக்கும் 1 தீமோத்தேயு 5:8-ஐயும் காட்டத் தயங்காதீர்கள்.

குடும்பத்தையே வெற்றியின் அடையாளமாக்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம். திருமணமாகாதவர், பிள்ளையில்லாதவர், துணையை இழந்தவர், மகன் சபையை விட்டுப் போன தாய் எல்லாரும் அந்த ஆராதனையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'சிறந்த கிறிஸ்தவக் குடும்பம்' என்று பரிசு கொடுக்கும் பழக்கம் எங்காவது இருந்தால் நிறுத்திவிடலாம். மாற்கு 3:35-இல், தேவனுடைய சித்தத்தைச் செய்கிறவரே தம் குடும்பம் என்று ஆண்டவர் சொல்லும் விதத்தில் இவர்கள் எல்லாருக்கும் இடமிருக்கிறது. வீட்டு மாலையில் இவர்களில் ஒருவரைச் சாப்பிட அழைத்தால், அது ஒரு கூட்டத்துக்குச் சமம்.

அடுத்த கமிட்டிக்கு வரும்போது அந்த ஏழு கட்டத் தாளை முதலில் உங்கள் வீட்டுக்கு நிரப்பிக் கொண்டுவாருங்கள். நீங்கள் சொல்வதை எழுதாமல், உங்கள் மனைவியோ கணவரோ சொல்வதை எழுதுங்கள். கமிட்டி எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
குடும்ப ஆலோசனை ஊழியர்கள்