பாஷேயின் பெயரைச் சேர்த்து அச்சிடுங்கள்

தமிழில் கணித நூல்களையும் மாணவர் இதழ்களையும் வெளியிடும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். மாணவர்களுக்கென அண்மையில் வந்த ஒரு கணிதச் சிறப்பிதழில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'ஒரு பழைய கிரேக்க நூலின் ஓரத்தில் எழுதி வைத்தார்' என்ற வழக்கமான வரி அதிலும் இருந்தது. அந்த நூலை அவர் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவரின் பெயர்தான் எங்கும் இல்லை. ஒரு கட்டுரையில் மட்டும் நேர்ந்த விடுபடல் என்றால் இம்மடலை எழுதியிருக்க மாட்டேன்.

க்ளோத் காஸ்பார் பாஷே டெ மெசிரியாக் 1621இல் பாரிசில் வெளியிட்ட, பண்டைய கிரேக்கக் கணிதர் டையோஃபாண்டஸின் 'அரித்மெட்டிகா' என்னும் எண்கணித நூலின் பதிப்பே அது என்பதை நீங்கள் அறிவீர்கள். 1575இலேயே ஜெர்மானிய அறிஞர் சைலாண்டரின் இலத்தீன் மொழிபெயர்ப்பு வந்திருந்தாலும், கிரேக்க மூலத்தை முதன்முதலில் அச்சேற்றி, தம் இலத்தீன் மொழிபெயர்ப்புடன் தந்தவர் பாஷேதான். அவர் பேராசிரியர் அல்லர். உரோமானியக் கவிஞர் ஓவிடையும் பிரெஞ்சில் பெயர்த்த, சொத்துள்ள ஓர் இலக்கிய ஆர்வலர். சுவடிகளில் சிதைந்து கிடந்த இடங்களை, கணக்கைத் தாமே போட்டுப் பார்த்து, விடை ஒத்துவரும்படி சீர்செய்தார். அதுவும் முறைக்காய்ச்சலில் கிடந்தபடி. வேலையின் கடுமையால் மனம் சோர்ந்ததாகவும், நோய் தந்த பிடிவாதம் இல்லாவிட்டால் முடித்திருக்கவே மாட்டேன் என்று அவரே சொன்னதாகவும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். அப்படி முடித்த ஒருவரை ஒரே வரியில் பெயரற்றவராக்குவது எவ்வகையில் நியாயம்?

ஃபெர்மாவின் கைப்பட்ட பிரதி இன்று கிடைக்கவில்லை. அவர் மகன் சாமுவேல், பாஷேயின் பதிப்பையே தந்தையின் குறிப்புகளுடன் 1670இல் மறுபடி அச்சிட்டதால்தான் அந்தக் குறிப்பு நமக்குத் தெரியும். தந்தையின் புகழுக்காக வெளியிட்ட அந்த நூலின் முகப்பில்கூட அவர் பாஷேயின் பெயரை விட்டுவிடவில்லை. ஆகவே மீண்டும் கேட்கிறேன்: ஓரக்குறிப்பைச் சொல்லும் இடத்திலெல்லாம் பாஷேயின் பெயரைச் சொல்லுங்கள்.

எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்பதை இதே நூலின் உரையில் பாஷே 325 வரை சரிபார்த்து முன்வைத்தார். 1770இல் கணிதர் லக்ராஞ்ச் அதை நிறுவினார். அங்கும் நம் கட்டுரைகள் லக்ராஞ்சோடு நின்றுவிடுகின்றன. மூலத்தை எழுதியவருக்கும் தேற்றத்தை நிறுவியவருக்கும் இடம் உண்டு, நடுவில் உழைத்தவருக்கு இல்லை என்னும் இந்தப் பழக்கம்தான், மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் போடாமல் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒதுக்கும் நம் பதிப்புலகிலும் தொடர்கிறது. எத்தனை ஆண்டுகளாக இதைப் பொறுத்துக்கொள்வது?

நிற்க. பாஷேயைப் போற்றிப் பாடச் சொல்லவில்லை. சைலாண்டரின் உழைப்பைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டே அவரைக் குறைத்துப் பேசியவர் பாஷே என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சிறப்பிதழின் மறு அச்சில், 'ஒரு பழைய கிரேக்க நூல்' என்பதற்குப் பதிலாக, 'பாஷே பதிப்பித்து மொழிபெயர்த்த டையோஃபாண்டஸின் நூல்' என்று திருத்தி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்