ஒரே ஒரு அறிவிப்புத்தான் கேட்கிறோம்

கல்குவாரி உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. தொழிலாளிக்கு, கல் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய் வந்தால் சுரங்கங்களின் முதன்மை ஆய்வாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், 25ஆம் பிரிவில் உங்களிடம்தான் சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அந்தப் பொறுப்பை உங்கள் தோளிலிருந்து இறக்கிவிடவில்லை. அந்த அறிவிப்பை அனுப்புங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் அப்பா 22 ஆண்டுகள் பாறையில் குழி போட்டவர். தண்ணீர் விட்டுத் துளையிட்டால் தூசி அடங்கும். அங்கே தண்ணீர் விட்டதில்லை. முகத்தில் அம்மாவின் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிக்கொள்வார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய மருத்துவப் பரிசோதனை ஒருமுறைகூட நடக்கவில்லை. இருமல் முற்றியதும் காசநோய் என்றார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் ஆறு மாதம் மாத்திரை. பிறகு மறுபடியும் ஆறு மாதம். "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று ஒரு மருத்துவர் கேட்டதே மூன்றாம் வருடத்தில்தான். இப்போது அப்பாவால் படுக்க முடியாது. மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்து, உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கிறார். மூச்சுச் சத்தம் நின்றால் அம்மா எழுந்து பார்க்கிறார்.

இழப்பீட்டுக்கு மனு போட்டோம். இப்படி ஒருவர் எங்களிடம் வேலை பார்த்ததே இல்லை என்று குவாரித் தரப்பிலிருந்து போன மாதம் பதில் வந்தது. அன்றே அறிவிப்பு போயிருந்தால் இன்று இப்படி எழுத முடிந்திருக்குமா?

ஆயுத பூஜைக்கு, துளைக் கருவியை ஓட்டும் கம்ப்ரசருக்குப் பொட்டு வைக்கிறீர்கள். அதன் எண், வாங்கிய தேதி, பழுது பார்த்த தேதி எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. அதை இயக்கியவரின் பெயர் மட்டும் எப்படியோ விடுபட்டுவிடுகிறது. மருத்துவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நோயைத் தெரிவிக்காத மருத்துவருக்கு அந்தப் பழைய சட்டம் வைத்த அபராதமே அதிகபட்சம் 50 ரூபாய்தான். அதையும் யாரேனும் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். உங்களிடம் வேலை பார்த்து மூச்சு வாங்குகிறவர்களின் பெயர்களை ஏட்டில் உள்ளபடி எழுதி அறிவிப்பை அனுப்புங்கள். ஏட்டில் பெயர் இல்லையென்றால் மேஸ்திரியைக் கேளுங்கள், அவருக்கு எல்லோரையும் தெரியும். அவரும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு குவாரித் தொழிலாளியின் மகள்