மிட்டோமாவின் கண்ணையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜப்பான் கால்பந்து வீரர் கவோரு மிட்டோமாவுக்கு இணையத்தில் பெருகிவரும் ரசிகர்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். வியாசர்பாடியில் பல ஆண்டுகளாக மாலை வேளைகளில் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்றுத்தருபவன் என்ற முறையில், அச்செய்தியில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மிட்டோமா எங்கள் பிள்ளைகளுக்குப் புதியவர் அல்லர். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக, எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது என்று எல்லாரும் நினைத்த பந்தை அவர் பாய்ந்து உள்ளே திருப்ப, சக வீரர் தனாகா கோலாக்கினார். பந்து மில்லிமீட்டர் கணக்கில் கோட்டின் மேல் இருந்ததைக் காட்டும் அந்தப் படம் எங்கள் பையன்கள் சிலரின் போன் முகப்பில் இன்றும் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் செல்சி அணிக்கு எதிரான ஆட்டத்தில், அவர் ஆடிய இங்கிலாந்து அணியான பிரைட்டனின் கோல்கீப்பர் உதைத்த நெடும்பந்தை ஒரே தொடுதலில் காலடியில் இறக்கி அவர் அடித்த கோலை, ஷூவைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்து ஏழு பேர் ஒரே போனில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மறுநாள் ஒருவன் பந்தை உயரே உதைக்க, மற்றவர்கள் அதேபோல் இறக்கிப் பழக வரிசையில் நின்றார்கள். போனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் தலையைக் குனிந்து பந்தையே பார்த்தார்கள். அரை நிமிடக் காட்சியில் கால் தெரியும். கண் போகும் இடம் தெரியாது. மிட்டோமா ஆராய்ந்ததோ கண்ணைத்தான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கவாசாகி ஃபிரான்டாலே அணி தொழில்முறை ஆட்டத்துக்கு அழைத்தபோது அதை ஏற்காமல், ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, காலாலேயே பந்தைக் கடத்திச் செல்வதையே (டிரிபிளிங்) ஆய்வேட்டுப் பொருளாக எடுத்துக்கொண்டார். சக ஆட்டக்காரர்களின் தலையில் கேமராவைப் பொருத்தி அவர்கள் பார்வை எங்கே போகிறது என்று ஆராய்ந்தபோது, நன்றாக ஆடுபவர்கள் பந்தை வாங்கும்போது காலடியைக் குனிந்து பார்ப்பதில்லை, நிமிர்ந்து முன்னால் பார்க்கிறார்கள் என்று கண்டார். படித்து முடித்து 2020இல் அதே கவாசாகி அணிக்கு வந்தவர், ஜப்பானின் முதல்நிலை லீக்கில் தம் முதல் பருவத்திலேயே 13 கோல் அடித்தார்.

இதைச் சொன்னதும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், "அப்போ படிச்சிட்டே ஆடலாமா சார்?" என்று கேட்டான். பந்தா படிப்பா என்று பிள்ளையை நிறுத்திவைத்துக் கேட்கும் வீடுகள் எங்கள் பகுதியில் நிறைய உண்டு. கேட்கும் பெற்றோர்மீதும் தவறில்லை, அவர்களுக்கு வேறு வழி யாரும் காட்டவில்லை. நான் வாயால் சொன்னால் "வாத்தியார் அப்படித்தான் சொல்வார்" என்று போய்விடும். அதுவே நாளிதழில் தமிழில் வந்தால் அவர்கள் உட்கார்ந்து படிப்பார்கள்.

ஆகவே, இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், மிட்டோமா எப்படிப் படித்தார், எப்படிப் பழகினார் என்று அரைப் பக்கமாவது எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இதழில் வந்தால் நல்லது. அன்றுதான் பிள்ளைகளின் அப்பா அம்மா இருவரும் வீட்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
வியாசர்பாடி, சென்னை - 39.