சோட்டோ ஏலம் போகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வார விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்காவில் ஆடும் பேஸ்போல் வீரர் ஹுவான் சோட்டோவின் செய்திக்கு ‘76 கோடி டொலருக்கு ஏலத்தில் விலைபோனார்’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். தொகை ஏறக்குறைய சரி. நியூயோர்க் மெற்ஸ் அணி அவருக்கு 15 ஆண்டுகளுக்கு 76 கோடி 50 இலட்சம் டொலர் கொடுக்கிறது. ஆனால் ஏலம் என்பதும் விலைபோனார் என்பதும் பிழை. 2024 நவம்பர் கடைசியில் ஜெத்தாவில் நடந்த ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலத்தில் ரிஷப் பண்ட்டை 27 கோடி இந்திய ரூபாவுக்கு எடுத்தார்களே, அதுதான் ஏலம். ஏலத்தில் எந்த அணிக்குப் போவது என்று வீரர் சொல்ல முடியாது. சோட்டோ விஷயத்தில் அணிகள்தான் அவரைத் தேடிப் போய்க் கேட்டன. யாரோடு போவது என்று முடிவெடுத்தவர் அவர்.

விசுவமடுவில் இருக்கிற எனக்கு பேஸ்போலைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு எங்கள் நாட்டு எல்லே விளையாட்டைப் பழக்கிய ஒருவருக்கு பேஸ்போல் விளங்கப் பத்து நிமிடம் காணும். மூங்கில் தடிக்குப் பதில் பேற், ரெனிஸ் பந்துக்குப் பதில் தோல் பந்து. மிச்சத்தை கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் அக்காவின் மகன் சொல்லித் தந்தான். அவன் ரொறன்ரோவின் புளூ ஜேய்ஸ் அணிக்கு உயிரையே விடுவான். 2023 டிசெம்பரில், யப்பானிய நட்சத்திர வீரர் ஒஹ்தானி ரொறன்ரோவுக்கு விமானம் ஏறிவிட்டார் என்று செய்தி பரவியபோது, இங்கே நடுச்சாமம் என்பதையும் மறந்து “மாமா, அவர் வாறார்!” என்று போனில் கத்தினான். அந்த விமானத்தில் வந்தது வேறு யாரோ. மறுநாளே ஒஹ்தானி தான் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணிக்குப் போவதாக அறிவித்தார். 10 ஆண்டு, 70 கோடி டொலர். அதில் 68 கோடியை அந்தப் பத்து ஆண்டும் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். மருமகன் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னா. இந்த முறை சோட்டோவையும் புளூ ஜேய்ஸ் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை.

சோட்டோவின் பாதையைப் பாருங்கள். டொமினிக்கன் குடியரசில் பிறந்தவரை 16 வயதில் வொஷிங்டன் அணி எடுத்தது. 2022இல் அதே அணி 15 ஆண்டுக்கு 44 கோடி டொலர் தருகிறோம் என்றது, அவர் மறுத்தார். உடனே அவரை சான் டியேகோவுக்கு மாற்றிவிட்டார்கள். 2023 டிசெம்பரில் சான் டியேகோ அவரை நியூயோர்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. இரண்டு தரமும் அவருடைய சம்மதம் தேவைப்படவில்லை. மேல்மட்டத்தில் ஆறு ஆண்டு ஆடி முடிக்கும்வரை அங்கே அதுதான் விதி. ஆறு ஆண்டும் முடிந்து ஒப்பந்தமும் தீர்ந்தால் அவர் சுயாதீன வீரர். 2024 ஒக்டோபரில் யாங்கீஸை உலகத் தொடர் என்கிற இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோன அடி சோட்டோ அடித்தது. அவரை வைத்திருக்க அந்த அணி 16 ஆண்டுக்கு 76 கோடி வரை வந்தது. அவர் மெற்ஸுக்குப் போனார். யாராலும் மறிக்க முடியவில்லை.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. முன்பு அங்கே ஒரு வருட ஒப்பந்தத்தை அணி தன் இஷ்டத்துக்குத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கலாம். வீரர் சாகும்வரை அந்த அணிக்குத்தான். கேர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர் செயின்ட் லூயிஸ் அணியில் 12 பருவங்கள் ஆடியவர். 1969இல் அவரை பிலடெல்ஃபியாவுக்குப் போகச் சொன்னார்கள். என்னைக் கேளாமல் வாங்கி விற்க நான் பொருள் அல்ல என்று பேஸ்போல் ஆணையாளருக்குக் கடிதம் எழுதி, வழக்கும் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய விளையாட்டு வாழ்க்கை முடிந்துபோயிருந்தது. ஆனாலும் மூன்று வருடம் கழித்து, 1975 டிசெம்பரில், வேறு இரண்டு வீரர்களின் முறைப்பாட்டில் பிணக்குத் தீர்க்கும் நடுவர் ஒருவர் அந்தக் கட்டை அவிழ்த்தார். சோட்டோவின் கோடிகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அதனால்தான் ‘விலைபோனார்’ என்று வாசித்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்து உதைபந்தாட்டக் கழகங்களில் ‘விலகல் கடிதம்’ என்று ஒன்று இருக்கிறது. பழைய கழகம் அதைத் தந்தால்தான் வீரர் புதுக் கழகத்தில் பதியலாம். என் மாணவன் ஒருவன், மேசன் வேலை செய்கிறவன், கலியாணம் முடித்து மனைவியின் ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. கடிதம் இன்னும் வரவில்லை. “நாங்கள் சப்பாத்து வாங்கிக் குடுத்து வளர்த்த பெடியன்” என்கிறார்களாம்.

அவர்களை மட்டும் குறைசொல்ல எனக்கு வாயில்லை. 2012இல், போர் முடிந்து மீள்குடியேறிக் கழகத்தைத் திரும்ப எழுப்பிய காலத்தில், நான் செயலாளர். பதினொரு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. எங்கள் கோல் காப்பாளருக்கு வவுனியாவில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு கழகத்தில் விளையாடக் கடிதம் கேட்டு மூன்று தரம் வீட்டுக்கு வந்தான். “உன்னை விட்டால் கோலுக்கு ஆர் நிற்கிறது?” என்று திருப்பி அனுப்பினேன். அவனுக்கு அப்போது 22 வயது. எங்களுக்கும் வந்து ஆடவில்லை, அங்கேயும் ஆடவில்லை, அத்தோடு பந்தையே விட்டுவிட்டான். இப்போதும் வழியில் கண்டால் “சேர்” என்று சைக்கிளை விட்டு இறங்குகிறான். பந்தைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை.

சின்னக் கழகங்களுக்கும் நியாயம் இருக்கிறது, அது எனக்குத் தெரியும். வளர்த்த பிள்ளை போனால் இழப்புத்தான். அமெரிக்காவில் இப்படி ஒரு நட்சத்திரத்தை இழக்கிற அணிக்கு, அடுத்த முறை இளம் வீரர்களைத் தெரிவு செய்யும்போது மேலதிகமாக ஓர் இடம் கொடுக்கிறார்கள். நாங்களும் இப்படிச் செய்யலாம்: வேலையாலோ கலியாணத்தாலோ ஊர் மாறுகிறவனுக்குக் கேள்வி கேளாமல் கடிதம், பழைய கழகம் செலவழித்த காசைப் புதுக் கழகம் திருப்பிக் கொடுப்பது.

தையில் புதுப் பதிவு தொடங்கப்போகிறது. சோட்டோவுக்குச் ‘சுயாதீன வீரர்’ என்று எழுதுங்கள், அந்தச் சொல் எங்கள் பெடியள் காதிலும் விழட்டும். என் மாணவனை மறித்து வைத்திருக்கும் கழகமும் உங்கள் பத்திரிகையை வாசிக்கும் என்று நம்புகிறேன். சப்பாத்துக் காசு எவ்வளவு என்று சொன்னால், நானே கொண்டுவந்து தருகிறேன்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
விசுவமடு.