மூணாம் தட்டு கையாலை

மக்ளே,

சொகமா இருக்கியா. நீ கூப்பிட்டு நாலு ஞாயிறு ஆச்சு. அம்மா கேக்கும்போ வேல ஜாஸ்தியா இருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன். நேரத்துக்கு சாப்பிடு.

விளையில கையாலை கெட்டுத வேல தொடங்கியாச்சு. ஆத்தப் பாத்து இறங்குத ஆறு தட்டுல மேல ரெண்டும் முடிஞ்சு. பாட்டாவுக்க அப்பா திருவிதாங்கூர் காலத்துல வெறும் கல்லடுக்கி கெட்டுன கையாலை சுவருக்க கல்லு முக்காவாசியும் மண்ணுக்குள்ள அப்படியே கெடந்துது. திருவட்டாறுல இருந்து வயசான ஒரு ஆளு வாறாரு, சிமெண்ட தொடவே மாட்டாரு. 4 அடி உயரம்னா 8 அங்குலம் மலைப்பக்கமா சாயணுமாம், எடைக்கெட நீளக்கல்லா பாத்து உள்ள குத்தி விடுதாரு, பின்னால பூரா பொடிக்கல்லு. மழத்தண்ணி இடுக்கு வழியா கசிஞ்சு போயிரும், சுவர தள்ளாது. 2017-ல ஒக்கி புயல் முடிஞ்சு லீவுல வந்தப்போ நீ இதத்தான் சொன்ன. உனக்கு என்ன தெரியும்னு கேட்டுட்டு நான் சிமெண்ட்ல கெட்டுனேன், தண்ணி போக ஒரு ஓட்ட கூட விடல. 2021 நவம்பர்ல கோதையாறும் பரளியாறும் சேந்து கலங்கி வந்த மழையில மண்ணு ஊறி மூணாம் தட்டு மொத்தமா சரிஞ்சுட்டு.

நீ பைசா ஒண்ணும் அனுப்பாண்டாம். கடைசியா அனுப்புனதும் பேங்குல அப்படியே கெடக்கு, வேணும்னா திருப்பி போட்டு விடுதேன், சங்கடப்படாண்டாம். அங்க கம்பெனிகள்ல ஆள் கொறைக்கான்னு பள்ளியாடி மாமாக்க மவன் சொன்னான். நான் ஒண்ணும் கேக்கல. எம் மவன் அங்க சூப்பர்வைசர்னு சொல்லும்போ எனக்கு இப்பவும் நெஞ்சு நிமிரும். ஆனா பெத்தவகிட்ட ஒரு நிமிஷம் பேச முடியாதா, நாங்க என்ன அந்நியமா. நேரத்துக்கு சாப்பிடு, ராத்திரி முழிச்சு கெடக்காத.

மக்ளே, அந்த லீவு முடியும்போ, நான் திரும்பி போகல, விளைய பாத்துக்கிடுதேன்னு நீ சொன்ன. அயனி மரமும் பலாவும் வச்சு நல்லமிளகு கொடி ஏத்தலாம், கீழ்த்தட்டுல மட்டி வாழன்னு நோட்டுல படம் வரஞ்சு கொண்டு வந்து காட்டுன. தோத்து வந்துட்டான்னு ஊர்க்காரன் சொல்லுவான்னு நான்தான் உன் பெட்டிய எடுத்து கார்ல வச்சேன். பாட்டா வச்ச அயனிய வெட்டி ரப்பர் வச்சதும் நான்தான், ஒக்கியில அந்த ரப்பர் முறிஞ்சு விழுந்து கெடந்தத கண்ணால பாத்த பெறகும் உன்ன போன்னு சொன்னேனே. ஊருக்கு பயந்தது நான். உனக்கு அந்த பயம் இருந்தா அது நான் தந்தது.

அந்த நோட்டு எங்கிட்டதான் இருக்கு. மூணாம் தட்டுல அயனி எங்க வைக்கணும்னு நீ எழுதுனது நனஞ்சு அழிஞ்சுபோச்சு, எனக்கு தெரியல. இடவப்பாதி மழைக்கு முந்தி குழி வெட்டணும். வந்து காட்டுனாலும் சரி, போன்ல சொன்னாலும் சரி, எந்நேரம்னாலும் நான் எடுப்பேன்.

அப்பா