செயலாளர் ஆண்டறிக்கை: ஈபிடிப்பான்களைத் தேடி நடந்த ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு, பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் சிறு பறவைகளான ஈபிடிப்பான்களை மட்டும் கவனிப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அதன்படி மாதம் ஒரு ஞாயிறு, வனத்துறை அனுமதியோடு, கோத்தகிரி லாங்வுட் சோலை ஓரமாக நடந்தோம். ஜூலை மழையில் மட்டும் போக முடியவில்லை. 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த சோலை நடந்து போகிற தூரத்தில் இருப்பது நம் பாக்கியம்.

முதலில் ஒரு தவறைப் பதிவு செய்ய வேண்டும். ஏப்ரல் நடையில் பெரணிப் புதருக்குள், முழங்கால் உயரத்தில், கருப்பு ஆரஞ்சு ஈபிடிப்பானின் கூட்டைப் பார்த்தோம். காய்ந்த இலையைப் பந்தாகச் சுருட்டி வைத்தது போல இருந்தது. ஆர்வத்தில் படம் எடுக்க நெருங்கிவிட்டோம். ஆரஞ்சு உடம்பும் பழுப்புத் தலையுமாகத் தாய்ப்பறவை, அலகில் புழுவோடு பக்கத்துக் கிளையிலேயே காத்திருந்தது. நாங்கள் விலகிய பிறகுதான் கூட்டுக்குப் போனது. இனி கூடுகளைப் படம் எடுப்பதில்லை என்று அன்று மாலையே செயற்குழு தீர்மானித்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை இது. தரையை ஒட்டிய அடர்புதர்தான் அதன் வீடு. சோலையை ஒட்டிய ஒரு தோட்டத்தின் வேலியோரப் புதரை டிசம்பரில் அடியோடு வெட்டிவிட்டார்கள். மரங்கள் அப்படியே நிற்கின்றன; குருவியை மட்டும் அங்கே அப்புறம் காணவில்லை. நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. நேரில் போய்ப் பேச இந்தக் கூட்டம் அனுமதி தர வேண்டும்.

புதிய உறுப்பினர்கள் பலர் இரண்டு நீலப் பறவைகளைக் குழப்பிக்கொண்டார்கள். நீலகிரி ஈபிடிப்பான் ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பது. ஆணின் நிறம் கருநீலம், வால் அடியில் கொஞ்சம் வெள்ளை. குளிர்காலத்தில் இமயமலையிலிருந்து வரும் வெர்டிடர் ஈபிடிப்பானோ செப்புக் குடத்தில் களிம்பு ஏறியது போன்ற பச்சை கலந்த நீலம். ஒருமுறை இப்படிச் சொல்லிக் காட்டியதும் யாரும் மறக்கவில்லை.

நவம்பரில், தேயிலை முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் காஷ்மீர் ஈபிடிப்பான் ஆண் ஒன்று தென்பட்டது. தொண்டையிலிருந்து மார்பு வரை செம்மஞ்சள், இரு பக்கமும் கருப்புக் கரை. வாலைத் தூக்கித் தூக்கி இறக்கியது. சிட்டுக்குருவியைவிடச் சிறிய உடம்போடு சுமார் 2,500 கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறது! இதே இனம் இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதியிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. அழியும் ஆபத்துள்ள இனம் என்பதால் பார்த்த இடத்தை வெளியில் சொல்லவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இவற்றிலெல்லாம் மங்கலான பழுப்பு மார்பு ஈபிடிப்பான். வடகிழக்கு இந்தியா, தென்சீனப் பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டு இங்கும் இலங்கைக்கும் வரும். கால் வெளிறிய மஞ்சளாக இருந்தால் அதுதான். ஆசியப் பழுப்பு ஈபிடிப்பானுக்குக் கால் கருமை. பழுப்பு மார்பு ஈபிடிப்பானின் அறிவியல் பெயரில் 'முத்துயி' என்று வருகிறது. இலங்கையில் எட்கர் லேயார்ட் என்ற ஆங்கிலேயருக்கு இந்தப் பறவையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவரிடம் சமையல் செய்த முத்து. லேயார்ட் 1854இல் அவர் பெயரையே வைத்தார். பள்ளி மாணவர்களிடம் இதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "எங்க தாத்தா பேரும் முத்துதான்" என்றான். அன்று முழுக்க அவனிடம்தான் பைனாகுலர் இருந்தது.

அரசவால் ஈபிடிப்பானைப் பற்றிப் பலர் கேட்டார்கள். நீண்ட வாலுள்ள அந்த அழகன் பெயரில்தான் ஈபிடிப்பான், குடும்பம் வேறு. அதனால் பட்டியலில் சேர்க்கவில்லை.

சரி, கணக்கு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பழைய பைனாகுலர் இரண்டைப் பழுதுபார்க்க வேண்டியிருக்கிறது. அக்டோபரில் வலசைப் பறவைகள் வருவதற்குள் அவை தயாராக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்